ஜலமும் எரிசாராயமும்

முந்தலில் புறப்பட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, போடிமெட்டில் நின்று கீழ்த்திசை நோக்குவோருக்கு நமது தேசத்தின் எரிபொருள் விஷயம் ஏறத்தாழ முழுவதும் ஒரே இடத்தில் விளங்கிவிடும். கீழே விரிந்து கிடக்கும் சமவெளியில் ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே பாய்ந்து வரும் மேல்காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மேலே, ஏலத் தோட்டங்களிலோ காய் உலர்த்தும் அறைகளின் புகைபோக்கிகளிலிருந்து விறகுப் புகை எழுந்த வண்ணமாக இருக்கிறது. பொழுது புலருமுன்னரே போடியிலிருந்து கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள், அயல் தேசத்திலிருந்து கப்பலில் வந்த எண்ணெயை எரித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் முனகுகின்றன. காற்று இங்கே இலவசம். விறகு காட்டின் உயிர். எண்ணெய் பிறர் தயவு. இம்மூன்றுக்கும் நடுவில் நமது ஜனங்களின் ஜீவனம் நடைபெறுகிறது.

இந்நிலையில், ஜலத்தையும் மின்சாரத்தையும் கொண்டே எரிபொருள் உண்டாக்கிவிடலாம் என்னும் செய்தி சில ஆண்டுகளாக நாடெங்கும் பேசப்பட்டு வருகிறது. நமது பழைய பாடப் புத்தகங்கள் ஜலவாயு என்று கூறிய ஹைட்ரஜனே அந்த எரிபொருள். எரித்தால் புகை இல்லை, நீராவியே மிஞ்சும். உரம் செய்வதற்கு அது வேண்டும். எஃகு உருக்குவதற்கு அது உதவும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இன்றும் அதை ஏராளமாக உபயோகிக்கின்றன. இந்திய சர்க்கார் 2023 ஜனவரி 4ஆம் தேதி தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்து, அதற்கென 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2030ஆம் ஆண்டுக்குள் வருஷம் 50 லட்சம் டன் ஹைட்ரஜன் உற்பத்தி செய்வது என்பது லட்சியம். இந்த முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். எண்ணெய்த் தேவையில் எண்பது சதவீதத்துக்கு மேல் பிற நாடுகளிடம் வாங்கும் தேசம், தன் காற்றையும் வெயிலையும் நீரையும் கொண்டு எரிபொருள் செய்ய முற்படுவது சுதேசியத்தின் சரியான அடுத்த படியாகும்.

ஆனால் வரவேற்பு ஒன்று, கணக்கு வேறொன்று. அண்மையில் பெரிதும் சிலாகிக்கப்படும் ஒரு முறையைப் பற்றி, அதன் மெய்யான பலனையும் அதன் மறைந்த செலவையும் நமது நேயர்கள் முன் வைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம். ஜலத்தோடு எரிசாராயத்தைச் சேர்த்து மின்சாரம் பாய்ச்சினால், தனி ஜலத்துக்கு ஆகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கே போதும் என்பதுதான் அந்த முறை. இது கட்டுக்கதையன்று. ஏ.ஆர்.சி.ஐ. என்னும் மத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் சென்னை எரிமின்கல மையத்து விஞ்ஞானிகள், மெதனாலும் நீரும் கலந்த கலவையிலிருந்து இவ்வாறு ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு மண்ணில் நடந்த இக்காரியம் நமக்குப் பெருமை தருவதே.

இதன் சூக்ஷ்மத்தைச் சிறிது விளக்க வேண்டியது அவசியம். நீரில் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினால் ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறு முனையில் பிராணவாயுவும் பிரியும் என்பது 1800ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஹைட்ரஜன் பிரிவது எளிது. பிராணவாயு பிரிவதுதான் பெருங்கஷ்டம். அதன் ஒரு மூலக்கூறு உண்டாவதற்கு இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு மின்னணுக்களைப் பறித்தாக வேண்டும். அவை நான்கும் ஒரே வீச்சில் வருவதில்லை, படிப்படியாகவே வருகின்றன. புத்தகக் கணக்கின்படி இவ்வேலைக்கு 1.23 வோல்ட் போதும். ஆலையிலோ 1.8 முதல் 2 வோல்ட் வரையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதிகப்படியானது வெறும் உஷ்ணமாய்ப் போய்விடுகிறது. ஆகவே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு நடைமுறையில் 55 யூனிட் மின்சாரமும் அதற்கு மேலும் செலவாகின்றது. அந்த ஒரு கிலோவை எரித்தால் திரும்பக் கிடைப்பதோ சுமார் 33 யூனிட்தான்.

இந்த வீண் செலவைக் குறைப்பதற்காகத் தகடுகளின் மேல் பூசப்படும் பொருளே வினையூக்கி. போடிமெட்டுச் சாலையை உவமை கூறினால் நமது வட்டாரத்தார் எளிதில் அறிவர். முந்தலுக்கும் மெட்டுக்கும் உள்ள உயரத்தை எந்த இஞ்சினீயராலும் குறைக்க இயலாது. ஆனால் மடத்தனமாக ஒரு முகட்டின் மேல் ஏற்றி மறுபடியும் இறக்கி வழி போடுவானேன்? வளைந்து வளைந்து சென்றாலும் வீண் ஏற்றமில்லாத வழியை வகுப்பவனே நல்ல இஞ்சினீயர். வினையூக்கி செய்வதும் அதுவே. மலையின் உயரத்தை அது மாற்றுவதில்லை. வழியில் உள்ள அநாவசியமான ஏற்றத்தை நீக்குகிறது.

சாராயம் சேர்ப்பது இதனினும் வேறான உபாயம். பிராணவாயுவைப் பிரிக்கும் கஷ்டமான வேலையையே விட்டுவிட்டு, அந்த முனையில் சாராயத்தை உருமாற்றுகிறார்கள். சாராயம் தன் மின்னணுக்களை எளிதில் விட்டுக் கொடுத்துவிடும். மெதனாலுக்குப் புத்தகக் கணக்கில் 0.02 வோல்ட்தான் வேண்டும். நடைமுறையில் அதைவிட அதிகம் ஆனாலும், தனி நீருக்கு ஆவதைவிட மிகவும் குறைவு. மேற்சொன்ன உவமையின்படி, இது முந்தலிலிருந்து ஏறாமல், பாதி மலை ஏறிய இடத்திலிருந்து பயணத்தைத் துவக்குவதாகும்.

இங்கேதான் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். பாதி மலை வரையில் சுமையைத் தூக்கி வந்தவர் யார்? அவருக்குக் கூலி கொடுத்தவர் யார்?

கணக்கைப் பாருங்கள். 32 கிராம் மெதனாலும் 18 கிராம் நீரும் சேர்ந்தால் 6 கிராம் ஹைட்ரஜனும் 44 கிராம் கரியமிலவாயுவும் உண்டாகும். ஆகவே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஐந்தேகால் கிலோவுக்குச் சற்று அதிகமாக மெதனால் வேண்டும். அந்த மெதனாலை அப்படியே எரித்தால் சுமார் 29 யூனிட் சக்தி கிடைக்கும். 55 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு சுமார் 18 யூனிட். 18ஐயும் 29ஐயும் கூட்டினால் 47. மின்சாரத்தில் 37 யூனிட் மிச்சம் என்று பறைசாற்றப்படும் காரியத்தில், மொத்த சக்தியில் மிச்சமாவது 8 யூனிட்தான் என்பது தெளிவாகிறது. மற்றவை மிச்சமல்ல, கம்பி வழியாக வருவதற்குப் பதிலாகப் பீப்பாயில் வந்தவை.

பணக் கணக்கும் இவ்வாறே. மின்சாரம் யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தனி நீர் முறையில் கிலோவுக்கு 330 ரூபாய் மின்சாரச் செலவு. மெதனால் முறையில் மின்சாரம் 108 ரூபாய். மெதனால் கிலோ 30 ரூபாய் என்று கொண்டால் அதற்கு 160 ரூபாய். ஆகமொத்தம் 268 ரூபாய். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெதனால் விலை 45 ரூபாயாக ஏறினால் அதற்கு மாத்திரம் 240 ரூபாய். மொத்தம் 348 ரூபாய். லாபம் மறைந்து நஷ்டமாகிவிடுகிறது. நம் நாட்டில் உபயோகமாகும் மெதனாலில் பெரும் பகுதி வெளி நாடுகளிலிருந்து வருவது. எண்ணெய்க்காக ஒரு துறைமுகத்தில் கை கட்டி நிற்பதை விட்டு, மெதனாலுக்காக அதே துறைமுகத்தில் கை கட்டி நிற்பதை விடுதலை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

கரியமிலவாயுவின் கணக்கும் உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு அந்த முனையில் ஏழே கால் கிலோவுக்கு மேல் கரியமிலவாயு வெளிப்படுகிறது. இந்திய சர்க்கார் 2023 ஆகஸ்டில் வகுத்த விதிப்படி, கிலோவுக்கு 2 கிலோவுக்கு மேல் கரியமிலவாயுவை வெளிப்படுத்தும் ஹைட்ரஜன் பசுமை என்னும் பெயருக்கு அருகதையற்றது. மெதனால் நிலக்கரியிலிருந்தோ இயற்கை வாயுவிலிருந்தோ செய்யப்பட்டதானால், இந்த ஹைட்ரஜன் பசுமையென்று பெயர் சூட்டிக்கொள்ள நியாயமில்லை. அதைப் பயிர்க் கழிவிலிருந்து செய்தாலன்றிக் கணக்கு சரியாகாது.

ஆயின் இம்முறையை ஒதுக்கித் தள்ளிவிடலாமா என்றால், கூடவே கூடாது என்கிறோம். சாராயத்தை முழுவதும் எரித்துக் கரியமிலவாயுவாக்காமல் பாதியில் நிறுத்திவிட்டால் கதையே வேறாகிறது. கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்து வரும் எத்தனால் என்னும் சாராயத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள இரு கரி அணுக்களின் பிணைப்பை அறுப்பது கடினமாதலால், அது பெரும்பாலும் காடியின் சத்தாகிய அசெட்டிக் அமிலத்தோடு நின்றுவிடுகிறது. எத்தனாலிலிருந்து மின்சாரம் எடுக்க விரும்புவோருக்கு இது பெருங்குறை. நமக்கோ அதுவே அனுகூலம். 46 கிராம் எத்தனாலிலிருந்து 4 கிராம் ஹைட்ரஜனும் 60 கிராம் அசெட்டிக் அமிலமும் வரும், புகையில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது 15 கிலோ அமிலம் கூடவே கிடைக்கிறது. மெதனாலைப் பாதியில் நிறுத்தினாலோ, கிலோவுக்கு பதினொன்றரைக் கிலோ ஃபார்மிக் அமிலம் கிடைக்கும்.

இந்த அமிலங்களுக்கு ஆள் தேட வெகு தூரம் போக வேண்டுவதில்லை. போடிமெட்டுக்கு அப்பால் மலை இறங்கினால் மலையாளத்து ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பாலை உறைய வைப்பதற்கு உபயோகிப்பது ஃபார்மிக் அமிலமும் அசெட்டிக் அமிலமுமே. காரக் கரைசலில் வேலை செய்தால் இவ்வமிலங்கள் உப்பாகவே கிடைக்கும். பிரித்தெடுக்க ஒரு செலவு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதையும் கணக்கில் சேர்த்து, ஹைட்ரஜன் ஒரு கையிலும் அமிலம் மறு கையிலும் விலையாகுமானால், அப்போது அது உண்மையான சிக்கனமாகும். பிராணவாயுவாகக் காற்றில் கரைந்து போவதற்காகச் செலவிட்ட மின்சாரம், ஒரு குடியானவன் காசு கொடுத்து வாங்கும் பொருளாக மாறுகிறதன்றோ?

ஆனால் எத்தனாலுக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குப் பதினொன்றரைக் கிலோ எத்தனால் வேண்டும். பெட்ரோலில் கலப்பதற்கே கரும்பு போதாமல், மக்காச்சோளமும் அரிசியும் சாராய ஆலைக்குப் போய்க் கொண்டிருக்கும் காலம் இது. உண்ணும் தானியத்தை ஊறவைத்து ஹைட்ரஜன் எடுப்பது, வீட்டு உத்தரத்தைப் பிடுங்கி அடுப்பெரிப்பதற்கு ஒப்பாகும். கம்பம் பள்ளத்தாக்கிலோ வாழையும் திராட்சையும் ஏராளம். விலை வீழ்ந்த காலத்தில் விற்காமல் அழுகும் பழம் எவ்வளவு என்பதைத் தோட்டக்காரர்களே அறிவர். போடி மலைச் சரிவுகளில் காப்பிப் பழத்தை உரித்த பின் வீசியெறியும் சதையும் புளித்துச் சாராயமாகக் கூடியதே. இத்தகைய கழிவிலிருந்து வரும் சாராயத்துக்கே நாம் இடம் கொடுப்போம், சோற்றிலிருந்து வருவதற்கன்று.

சாராயம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் உச்சரிக்கும்போது இன்னொன்றையும் நினையாதிருக்க முடியாது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்த மாகாணம் நம்முடையது. அதே தமிழகத்தில் 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்ட ஏழைகள் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து உண்பவர்கள். மெதனாலுக்கும் எத்தனாலுக்கும் நிறத்தில் பேதமில்லை. பழக்கமில்லாதவர்க்கு மணத்திலும் பேதம் தெரியாது. ஒன்று மயக்கும், மற்றொன்று கண்ணைக் குருடாக்கிக் கொல்லும். ஆகையால் மெதனாலைப் பீப்பாய் பீப்பாயாகக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்பும் எந்தத் திட்டத்தையும் நாம் ஆதரிக்க முடியாது. மெதனால் முறை நடக்கட்டும். ஆனால் அது பூட்டும் காவலும் கணக்கும் உள்ள பெரிய ஆலைகளின் மதிலுக்குள் நடக்கட்டும். இதை விஞ்ஞானத்துக்கு விரோதமான பேச்சென்று எவரும் எண்ண வேண்டாம். ஜனங்களின் உயிர் மேல் அக்கறையில்லாத விஞ்ஞானம், விஞ்ஞானம் என்னும் பெயருக்கே தகுதியற்றது.

இனி, ஏலத் தோட்டக்காரர்களில் சிலர் கேட்கக்கூடும்: "எங்கள் விறகுச் செலவை இந்த ஹைட்ரஜன் தீர்க்குமா?" என்று. பச்சை ஏலக்காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அதைச் சுமார் 50 பாகை உஷ்ணத்தில், ஒரு பகலும் ஒரு இரவும் உலர்த்தினால்தான் போடி ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். அதற்காகக் காட்டு மரம் வெந்து சாம்பலாகிறது. இந்த வேலைக்கு ஹைட்ரஜன் ஏற்றதல்ல என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். 55 யூனிட் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி எரித்து 33 யூனிட் உஷ்ணம் பெறுவதைவிட, அந்த மின்சாரத்தை நேரே உஷ்ணமாக்குவது மேல். வெளிக் காற்றின் உஷ்ணத்தை இழுத்துக் கொடுக்கும் பம்பு யந்திரத்தில் அதைச் செலவிட்டால், ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் உஷ்ணம் கிடைக்கும். இளஞ்சூட்டுக்கு ஹைட்ரஜனை எரிப்பது, ஏலக்காயைக் கொடுத்து எருமுட்டை வாங்குவது போலாகும். ஹைட்ரஜனை உரத்துக்கும் எஃகுக்கும், மின்கலத்தின் எடை தாங்காத கன வாகனங்களுக்கும் வைத்துக் கொள்வோம். எதற்கு எது தகும் என்று பகுத்தறிவதே சிக்கனத்தின் முதற் பாடம்.

சர்க்கார் இவ்விஷயத்தில் செய்யத் தவறியது என்ன என்பதை இப்போது சொல்கிறோம். 19,744 கோடியில், யந்திரம் செய்வோருக்கும் ஹைட்ரஜன் உற்பத்தி செய்வோருக்கும் ஊக்கத் தொகையாக 17,490 கோடி. முன்னோடி ஆலைகளுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சிக்கோ 400 கோடி. அதாவது நூற்றுக்கு இரண்டே ரூபாய்! வினையூக்கி என்பது ஹைட்ரஜன் தொழிலின் உயிர்நிலை. அதற்கான ஆராய்ச்சியோ பந்தியில் கடைசி இலையில் உட்கார்த்தப்பட்டிருக்கிறது. இன்று அமில வகை யந்திரங்களுக்கு வேண்டிய இரிடியமும் பிளாட்டினமும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருபவை. பொன்னிலும் அரிதான அவ்வுலோகங்களை நம்பி 50 லட்சம் டன் என்று எழுதுவது, அடுத்தவன் பசுவை நம்பித் தயிருக்கு உறையூற்றி வைப்பதற்குச் சமம்.

இரும்பும் நிக்கலும் கலந்த வினையூக்கிகள் காரக் கரைசலில் நன்றாக வேலை செய்கின்றன என்பது உலகெங்கும் நிரூபணமாகியிருக்கிறது. சாராயத்தை உருமாற்றுவதிலும் நிக்கல் திறமையுடையது. நிக்கலை நாம் பெரும்பாலும் இறக்குமதி செய்கிறோம் என்பது உண்மை. எனினும் இரிடியத்தோடு ஒப்பிட அது மலிவு. இரும்போ நம் நாட்டில் குறைவில்லாதது. அதைக் கொண்டு பல்லாயிரம் மணி நேரம் தேயாமல் உழைக்கும் தகடு செய்வது எப்படி என்பதே இன்றைய பிரச்னை. சோதனைச் சாலையில் ஒரு விரல் அகலத் தகட்டில் சில நாள் ஓடுவது வேறு. ஆலையில் ஆண்டுக்கணக்கில் ஓடுவது வேறு. முன்னதிலிருந்து பின்னதற்கு ஏறும் மலைதான் மெய்யான போடிமெட்டு. அதில் ஏறுவதற்கு 2 சதவீதம் போதாது. குறைந்தது 10 சதவீதமாவது வேண்டும்.

அதற்கு ஆள் இல்லையா? உண்டு. 1948 ஜூலை 25ஆம் தேதி பண்டித நேருவால் அஸ்திவாரக் கல் நாட்டப்பெற்று, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி ஸ்தாபனம் காரைக்குடியில் இருக்கிறது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் மனமுவந்து கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். தனி மனிதர் ஒருவர் அன்று காட்டிய தாராளத்தில் நூற்றிலொரு பங்காவது ராஜாங்கம் இன்று காட்ட வேண்டாமா? சென்னையில் மேற்சொன்ன எரிமின்கல மையம் இருக்கிறது. போடிநாயக்கனூரிலேயே 2012 முதல் சர்க்கார் பொறியியல் கல்லூரி ஒன்று நடைபெற்று வருகிறது. இம்மூன்றையும் ஒரு கயிற்றில் கோத்து, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிறு சோதனை நிலையம் அமைக்க வேண்டும் என்பது நமது யோசனை. காற்று மிகுந்து, மின்வாரியம் வாங்க மாட்டாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் வேளைகளில் வீணாகும் மின்சாரம் அதற்கு உதவட்டும். பழக் கழிவிலிருந்து வரும் எத்தனால், கலால் அதிகாரிகளின் நேர்பார்வையில், குடிக்கத் தகாததாக்கப்பட்டு அங்கே போகட்டும். வரும் அமிலத்தை ரப்பர்த் தோட்டங்களுக்கு விற்றுப் பார்க்கட்டும். மூன்றாண்டு நடத்திய பின், லாபமோ நஷ்டமோ, கணக்கைப் பொது ஜனங்கள் முன் வைக்கட்டும்.

"இதெல்லாம் எதற்கு? மேல் நாட்டார் செய்த யந்திரத்தை வாங்கிப் பொருத்திவிட்டால் போயிற்று" என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு இரண்டு சரித்திரங்களை நினைவூட்டுவோம். 1960களிலேயே பஞ்சாபில் நங்கல் உர ஆலை, பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுத்து உரம் செய்தது. இன்று புதுமையென்று கொண்டாடப்படுவதை நாம் அன்றே பெரிய அளவில் செய்தோம். மின்சாரத்துக்கு வேறு தேவைகள் பெருகியபோது அம்முறை கைவிடப்பட்டது. மின்செலவைக் குறைக்கும் வித்தையை அந்நாளிலேயே வளர்த்திருந்தோமானால், இன்று உலகம் நம்மிடம் கற்க வந்திருக்கும். இரண்டாவது, தூத்துக்குடி. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் துவக்கினார். இன்று அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில் 2025ஆம் ஆண்டு பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. அவர் பெயரை வைத்தது பொருத்தமே. ஆனால் கப்பல் நம்முடையதாய் இருக்க வேண்டும் என்பதற்காகத் தம் செல்வத்தையும் சுகத்தையும் இழந்தவர் அவர். அவர் பெயருள்ள இடத்தில் ஓடும் யந்திரத்தின் உயிரான தகடும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

வேறொரு சாரார், "மலைச் சீமையில் விஞ்ஞான நிலையம் என்றாலே ஜனங்கள் எதிர்ப்பார்கள், நியூட்ரினோ விஷயம் தெரியாதா?" என்பர். தெரியும். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்துக்கு அருகே நியூட்ரினோ ஆய்வுக் கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு இசைவளித்தது. ஜனங்கள் அஞ்சினார்கள், வழக்குகள் எழுந்தன, ராஜ்ய சர்க்காரும் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமது எதிர்ப்பைத் தெரிவித்தனர், கூடம் எழவில்லை. அத்திட்டத்தின் தராதரத்தை இங்கே நாம் விசாரிக்கவில்லை. அதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே: தன் வீட்டு வாசலில் என்ன நடக்கப் போகிறது என்பதை முதலில் கேட்கும் உரிமை அந்த ஊராருக்கு உண்டு. திட்டத்தை டில்லியில் முடிவு செய்துவிட்டு, விளக்கத்தைப் பின்னர் போலீஸாரோடு அனுப்புவது ஜனநாயகமாகாது. ஹைட்ரஜன் நிலையம் அமைவதானால், எவ்வளவு நீர் எடுக்கப்படும், எவ்வளவு சாராயம் வைக்கப்படும், தீப்பற்றினால் என்ன ஏற்பாடு என்பவையெல்லாம் கிராம சபையில் தமிழில் எடுத்துரைக்கப்பட வேண்டும். 2018 மார்ச் மாதத்தில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த வட்டாரம் இது. தீ என்ற சொல் இங்கே வெறும் சொல்லல்ல.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 கிலோ நீர் வேண்டும். 50 லட்சம் டன்னுக்கு நான்கரைக் கோடி டன். அணைக்கட்டுக் கணக்கில் ஒன்றரை டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். தேசம் முழுவதற்கும் அது பெரிய அளவன்று. ஆனால் 1895இல் பெரியாற்று நீர் கிழக்கே திரும்பியதால் வயல் விளைந்து, அந்நீருக்காக இன்றளவும் நியாயஸ்தலங்களில் வாதாடும் ஜில்லாவில், ஒவ்வொரு குடம் நீருக்கும் கணக்குக் கேட்க ஜனங்களுக்கு நியாயமுண்டு. சாராய முறையிலும் நீரின் தேவை முற்றும் நீங்குவதில்லை என்பதையும், சாராயம் செய்யவே தனியாக நீர் வேண்டும் என்பதையும் கணக்கெழுதுவோர் மறக்கலாகாது.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. ஹைட்ரஜன் பற்றிய ஒவ்வொரு அறிக்கையிலும் மின்சாரத்தின் அளவோடு சாராயத்தின் அளவும், அது எதிலிருந்து வந்தது என்பதும், வெளிப்படும் கரியமிலவாயுவின் அளவும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும். ஒரு பக்கத்தை மாத்திரம் காட்டும் பேரேட்டை எந்தச் செட்டியாரும் ஒப்பமாட்டார், தேசமும் ஒப்பலாகாது. ஆராய்ச்சிக்குரிய பங்கு ஐந்து மடங்காக உயர வேண்டும். உணவுத் தானியம் இதற்கு ஆகாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். மெதனால் கிராமங்களில் நடமாடக் கூடாது. சோதனை நிலையங்கள் ஜனங்களின் சம்மதத்தோடு அமைய வேண்டும்.

2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகிப் போடிக்குத் திரும்பி வந்தது 2023 ஜூன் மாதத்தில். பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல், வரும் வருமென்று சொல்லக் கேட்டுப் பழகிய ஜனங்கள் இவர்கள். வாக்குறுதிக்கும் வண்டிக்கும் உள்ள தூரத்தை அவர்கள் நன்கறிவார்கள். அவர்களிடம் போய், ஜலத்தில் நெருப்பெடுப்போம், பாதிச் செலவில் எடுப்போம் என்று வீண் பெருமை பேச வேண்டாம். இவ்வளவு மின்சாரம், இவ்வளவு சாராயம், இவ்வளவு லாபம், இவ்வளவு அபாயம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். சர்க்காரும் விஞ்ஞானிகளும் அதைச் செய்ய முன்வருவார்களாக. மலையேறப் பழகிய ஜனங்கள் ஏற்றத்தைக் கண்டு அஞ்சமாட்டார்கள். எவ்வளவு உயரம் என்பதை மாத்திரம் அவர்களிடம் மறைக்கலாகாது.